குயின் மேரி 2: லைனரா, உல்லாசக் கப்பலா? எந்தக் கலத்துக்கு எந்தப் பெயர்

#1 ஜெட்டிப்பக்கம்

பெரிய பயணிகள் கப்பல் ஒன்று கொழும்புக்கு வந்தால் போதும், அதற்குத் தமிழில் நாலு பெயர் விழுந்துவிடுகிறது: பயணிகள் கப்பல், சொகுசுக் கப்பல், உல்லாசக் கப்பல், லைனர். குயின் மேரி 2 பற்றி எழுதும்போதும் இதே கதைதான். "ஒன்றரை இலட்சம் தொன் எடை", "மணிக்கு 30 நொட் வேகம்", "இழுவைப் படகுகள் இழுத்து வந்தன" என்ற மாதிரி வரிகளில் எது சரி, எது பிழை என்று பிரிக்க முடியவில்லை.

பாடசாலைக் கண்காட்சிக்குக் கொழும்புத் துறைமுகம் பற்றி விளக்க அட்டைகள் தமிழில் எழுத வேண்டும். எந்தக் கலத்துக்கு என்ன பெயர் போடலாம், எண்களில் எதை நம்பலாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சுக்கான்பிடி

டீச்சர், லைனர் என்பது அளவைக் குறிக்கும் சொல்லும் இல்லை, ஆடம்பரத்தைக் குறிக்கும் சொல்லும் இல்லை. குறித்த துறைகளுக்கு இடையே, அறிவித்த நாளில், காலநிலை எப்படி இருந்தாலும் போய்ச் சேர வேண்டிய கப்பல்தான் லைனர். உல்லாசப் பயணக் கப்பலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கடல் மோசம் என்றால் ஒரு துறையை விட்டுவிட்டு அடுத்த துறைக்குப் போகும்.

அந்தக் கட்டாயம் கப்பலின் உடலிலேயே தெரியும். குயின் மேரி 2 பிரான்சின் செயின்ட் நஸயரில் கட்டப்பட்டு 2004 ஜனவரியில் முதற்பயணம் போனது. வடிவமைத்தவர் ஸ்டீபன் பெய்ன். நீளம் 345 மீற்றர், நீர்மட்டத்தில் அகலம் 41 மீற்றர், நீருக்குள் அமிழும் ஆழம் 10 மீற்றருக்குச் சற்று அதிகம். படத்தில் அணியத்தை, அதாவது கப்பலின் முன்பக்கத்தைப் பாருங்கள். நீண்டு, ஒடுங்கி, உயர்ந்து நிற்கும். அடுக்கு மாடிகள் அதிலிருந்து நன்றாகப் பின்தள்ளித் தொடங்கும். முன்தளத்தில் ஏறும் அலையை உடைத்து இரு பக்கமும் தள்ள ஒரு இரும்புத் தடுப்பு இருக்கும். உல்லாசக் கப்பல்களில் மாடிகள் கிட்டத்தட்ட மூக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும்.

இன்னொரு அடையாளம் உயிர்காப்புப் படகுகள். வழக்கமாக அவை நீர்மட்டத்திலிருந்து 15 மீற்றருக்குள் தொங்க வேண்டும். வட அத்திலாந்திக் அலை அடித்துப் பிய்த்துவிடும் என்பதால் இந்தக் கப்பலுக்கு விசேட அனுமதி கொடுத்து 25 மீற்றர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

வேகமும் கணக்கில் வரும். இதனால் 30 நொட்டை ஒட்டி ஓட முடியும். பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் 22 நொட் அளவோடு நின்றுவிடும். நான்கு டீசல் இயந்திரங்கள், அவற்றுக்கு மேலதிகமாக இரண்டு வாயுச் சுழலிகள், எல்லாமே மின்சாரம் உற்பத்தி செய்யத்தான். கப்பலைத் தள்ளுவது அடியில் தொங்கும் நான்கு மின்மோட்டர்க் கூடுகள், ஒவ்வொன்றும் 21.5 மெகாவொட். முன்னிரண்டு அசையாது, பின்னிரண்டு 360 பாகை சுழலும். ஆகவே அட்டையில் "சுக்கான்" என்று அம்புக்குறி போட்டுவிடாதீர்கள். இந்தக் கப்பலில் சுக்கானே இல்லை!

#3 பண்டகசாலை நானா

சுக்கான்பிடி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கப்பல் லைனராகக் கட்டப்பட்டது. சவுத்ஹம்டன்–நியூயோர்க் ஓட்டத்தில், பெரும்பாலும் ஏழு இரவுகள், லைனராக ஓடுகிறது. ஆனால் கொழும்புக்கு வருவது உலகப் பயணத்தின் ஒரு கட்டமாக. அப்போது அது உல்லாசப் பயணத்தில் இருக்கும் லைனர். ஆக "உல்லாசப் பயணமாக வந்த கப்பல்" என்று எழுதினால் பிழை இல்லை, "உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்" என்று எழுதினால் இரண்டு பிழை. ஐகன் ஒஃப் த சீஸ் என்ற கப்பலின் மொத்தத் தொன்னளவு 2,48,663. குயின் மேரி 2 அதற்குக் கிட்டவும் வராது.

இன்னொரு விஷயம். இன்றைக்குக் கொழும்பில் உண்மையான லைனர் பார்க்க வேண்டுமென்றால் குயின் மேரிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கொள்கலன் கப்பல்கள் வாராந்த அட்டவணைப்படி, முன்கூட்டி அறிவித்த துறைகளுக்கு ஓடுகின்றன. கப்பல் முகவர் ஒபிஸ்களில் அதைத்தான் லைனர் சேவை என்கிறார்கள். அட்டவணை இல்லாமல் கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு போகிற இடம் போவது டிராம்ப். சீமெந்து, நிலக்கரி, கோதுமை கொண்டுவரும் மொத்தச் சரக்குக் கப்பல்களில் அநேகம் அந்த வகை.

லைனர் என்றால் பிரமாண்டம் என்ற நினைப்பும் வேண்டாம். 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி கொழும்பில் வந்திறங்கிய கோதிக், 16,000 தொன்னளவுக்கும் குறைந்த சரக்கு–பயணிகள் லைனர். நூறு பயணிகளுக்குக்கூட அதில் இடமில்லை.

#4 தொன்னளவு

"ஒன்றரை இலட்சம் தொன் எடை" என்ற வரியைத் தயவுசெய்து அட்டையில் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் வருகிற பிழை இது.

1,49,215 என்பது குயின் மேரி 2இன் மொத்தத் தொன்னளவு. அது எடை இல்லை, கொள்ளளவிலிருந்து வரும் எண். அதற்கு அலகும் கிடையாது, எண் மட்டும்தான். 1969ஆம் ஆண்டின் சர்வதேசச் சமவாயப்படி கணக்கு இப்படி: கப்பலின் மூடப்பட்ட இடங்கள் அனைத்தின் கன அளவையும் கன மீற்றரில் எடுக்க வேண்டும். 10ஐ அடியாகக் கொண்ட அந்த எண்ணின் மடக்கையை 0.02ஆல் பெருக்கி 0.2ஐக் கூட்ட வேண்டும். வரும் குணகத்தால் கன அளவைப் பெருக்கினால் மொத்தத் தொன்னளவு. குயின் மேரி 2க்குத் திருப்பிக் கணக்குப் பார்த்தால் குணகம் 0.3135 அளவில் வரும், கன அளவு ஏறக்குறைய 4,76,000 கன மீற்றர்.

எடை வேண்டுமென்றால் இடப்பெயர்ச்சியைப் பார்க்க வேண்டும், அதாவது கப்பல் ஒதுக்கும் நீரின் எடை. இந்தக் கப்பலுக்கு அது 79,000 தொன் அளவில். பாதிதான்! பயணிகள் கப்பல் என்பது பெரும்பாலும் அறைகளும் காற்றும், அதனால்தான் இந்த வித்தியாசம். எண்ணெய்க் கப்பலில் கதை தலைகீழ். 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்த நியூ டயமண்ட் ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெய் ஏற்றியிருந்தது. அது சரக்கின் எடை. எண்ணெய்க் கப்பல்களை அளக்கும் எண் சுமைதிறன்: சரக்கு, எரிபொருள், நன்னீர், ஆட்கள் எல்லாம் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்பது. கொள்கலன் கப்பலுக்கோ எத்தனை இருபதடிப் பெட்டி என்ற எண். இந்த நாலையும் ஒரே அட்டவணையில் "தொன்" என்று போட்டு ஒப்பிட்டால் எந்தக் கப்பல் பெரிது என்ற கேள்விக்கே பதில் இருக்காது.

நொட்டும் அப்படித்தான். ஒரு நொட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல், 1,852 மீற்றர். "மணிக்கு 30 நொட்" என்றால் மணி இரண்டு முறை வருகிறது. "30 நொட், அதாவது மணிக்கு சுமார் 55 கிலோமீற்றர்" என்று எழுதுங்கள்.

#5 வாடைக்காற்று

"இழுவைப் படகு" எண்ட சொல்லை அட்டையில போடாதேங்கோ டீச்சர். வடக்கில இருந்து வாற பிள்ளை அதை வாசிச்சால் றோலரைத்தான் நினைக்கும். இழுவை மடியைக் கடலடியில இழுத்து மீன் அள்ளுறது அது. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தோட இலங்கையில அடிமட்ட இழுவை மடித் தொழிலே தடை. குயின் மேரியைச் சுத்தி மூண்டு இழுவைப் படகு நிண்டது எண்டு எழுதினால், சட்டவிரோத மீன்பிடி நடந்த மாதிரி எல்லோ கிடக்கு.

துறைமுகத்தில பெரிய கப்பலுக்கு உதவியா நிக்கிறது டக். டக் எண்டே எழுதுங்கோ, இல்லாட்டி இழுவைக் கப்பல். றோலருக்கு இழுவை மடிப் படகு. அதோட டக் எப்பவும் இழுக்கிறதும் இல்லை. பாதி நேரம் தலையால முட்டித் தள்ளுறதுதான் வேலை. அதுக்குத்தான் அணியத்தில தடிச்ச இறப்பர் மெத்தை. அதின்ர திறமையைக் குதிரைவலுவால அளக்கிறதை விட, கரையில கட்டி இழுக்க விட்டால் எத்தனை தொன் இழுக்கும் எண்டு அளக்கிறதுதான் வழக்கம்.

#6 ஜெட்டிப்பக்கம்

இது உண்மையிலேயே யோசிக்காத ஒன்று, நன்றி. அப்படியென்றால் குயின் மேரி மாதிரிக் கப்பலுக்கு டக் தேவையா? தானாகவே பக்கவாட்டில் நகரும் என்கிறார்களே.

#7 சுக்கான்பிடி

நகரும், காற்று விட்டால். கணக்கைப் பாருங்கள்.

பெரிய பயணிகள் கப்பலின் பக்கவாட்டுப் பரப்பு 10,000 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 20 நொட் காற்று நேர் பக்கத்திலிருந்து அடித்தால் அது கப்பலைத் தள்ளும் விசை ஏறக்குறைய 66 தொன். 30 நொட் என்றால் ஏறக்குறைய 150 தொன். வேகம் ஒன்றரை மடங்காகும்போது விசை இரண்டேகால் மடங்காகிறது, வர்க்கத்தில் ஏறும் என்பதால். குயின் மேரி 2இன் அணியத்தில் 3.2 மெகாவொட் வீதம் மூன்று பக்கத்தள்ளிகள் உள்ளன. நூறு குதிரைவலுவுக்கு ஒரு தொன்னுக்குச் சற்று மேல் என்ற கைக்கணக்கில் மூன்றும் சேர்ந்து 130 தொன் அளவில் தரும். பின்புறத்தை சுழலும் கூடுகள் பார்த்துக்கொள்ளும். ஆக அமைதியான காலையில் டக் வெறுமனே கூடவே வரும். திடீர் மழைக்காற்று அடித்தால், அல்லது ஒரு தள்ளி செயலிழந்தால், அந்த டக்தான் மீதி விசை. பாய்மரக் கப்பலுக்குப் பாய் எப்படியோ, இந்த மாடிகள் அப்படி. சுருட்டி வைக்க மட்டும் முடியாது.

கொழும்பில் ஆழம் பெரிய பிரச்சினையே இல்லை. வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, பெருக்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தெற்கு முனையத்தில் ஆழம் 18 மீற்றர். ஒடுங்கிய வாய்க்காலில் ஓடும்போது கப்பல் கொஞ்சம் கீழே அமுங்கும். இந்த வகை ஒல்லியான உடலுக்கு 8 நொட்டில் அது 0.8 மீற்றர் அளவு, 12 நொட்டில் 1.8 மீற்றரை நெருங்கும். மெதுவாக வரச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சிக்கல் தருவது சோளகம்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்றும் நீளமான அலையும் வாயிலுக்கு வெளியேதான் மோசம். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏறும் இடமும் அதுதான். அதனால்தான் பயணிகள் கப்பல்கள் அதிகம் வருவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

பைலட் ஏறுவதை ஒரு அட்டையாகவே போடலாம். கயிற்றேணியின் படிகளுக்கு இடையே 31 முதல் 35 சென்ரிமீற்றர். ஏணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 1.8 மீற்றருக்குக் குறையாத நீளப் படி ஒன்று, கீழிருந்து ஐந்தாவதாக, பிறகு ஒன்பது படிக்கு மிகாத இடைவெளியில். ஏற வேண்டிய உயரம் 9 மீற்றரைத் தாண்டினால் கயிற்றேணி மட்டும் போதாது, சாய்வேணியும் சேர்க்க வேண்டும். பெரிய பயணிகள் கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கிட்ட உடலில் ஒரு கதவு திறக்கும், பைலட் அதனூடாக உள்ளே போவார். படங்களில் அந்தச் சின்ன இருட்டுச் சதுரத்தைப் பார்க்கலாம். ஏணியில் அதிகம் பிழைப்பது என்னவென்றால், பக்கக் கயிறு உக்கிப் போயிருப்பதும், ஏணியைத் தளத்தின் பலமான வளையத்தில் கட்டாமல் கைப்பிடிக் கம்பியில் கட்டுவதும்.

#8 பண்டகசாலை நானா

துறையில் கட்டும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நுனியில் பாரம் கட்டிய மெல்லிய எறிகயிறு கரைக்கு வரும். அதில் கொஞ்சம் தடித்த கயிறு, அதன் பின்னால் வடம். வடத்தின் கண்ணைக் கரையிலுள்ள இரும்புக் குற்றியில் மாட்டுவார்கள். பெரும்பாலும் முன்னும் பின்னும் நழுவாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வடம் முதலில், பிறகு தலை வடம், வால் வடம், கடைசியில் குறுக்கு வடம். இறுகிய வடத்துக்கு நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் திருப்பி அடிக்கும் வேகத்தில் ஆள் தப்பாது.

பயணிகள் கப்பலைக் கொள்கலன் முனையத்துச் சுவரில் கட்ட நேர்ந்தால் ஒரு விசேட கவனம் வேண்டும். பாரந்தூக்கிகளின் கைகளை மேலே உயர்த்தி, தூக்கிகளையே தள்ளி நிறுத்த வேண்டும். கப்பலின் மேடைச் சிறகுகளும் (கப்பலைச் செலுத்தும் மேடையின் இரு பக்க நீட்டல்கள்) உயிர்காப்புப் படகுகளும் உடலை விட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தூக்கியின் கால் சுவர் ஓரத்தில் நின்றால் முட்டும். இடையில் பெரிய மிதக்கும் மெத்தைகள் போடுவதும் அதற்காகத்தான்.

#9 கொட்டாஞ்சேனைக் கோபுரம்

எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள எல்லாரும் கப்பல் கண்காணிக்கும் அப்பைத்தான் பார்க்கிறார்கள். அதிலும் ஏமாறுகிற இடங்கள் உண்டு.

வந்துசேரும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 00:30 என்று பார்த்து நடுச்சாமம் என்று நினைத்தால் காலை ஆறு மணிக்குக் கப்பல் உள்ளே வந்திருக்கும். சேருமிடம், வரும் நேரம், அமிழ்வு ஆகியவை கப்பலில் ஒருவர் கையால் தட்டுபவை. முந்தின துறையின் பெயர் மாற்றாமல் கிடப்பது சாதாரணம். இருப்பிடம், வேகம், திசை மட்டும் கருவியிலிருந்து தானாக வரும். ஓடும்போது சில விநாடிகளுக்கு ஒரு முறை, நங்கூரமிட்டால் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை.

பெயரை நம்பாமல் ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) இலக்கத்தைப் பாருங்கள். பெயரும் கொடியும் மாறும், இலக்கம் கப்பல் உடைபடும் வரை மாறாது. குயின் மேரி 2க்கு 9241061. சரியான இலக்கமா என்று சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டினால் 63+12+20+4+0+12, மொத்தம் 111. கடைசி இலக்கம் 1, ஐஎம்ஓ எண்ணின் ஏழாவது இலக்கமும் 1. பிள்ளைகளுக்கு நல்ல கணக்கு விளையாட்டு.

பெயர்ப் பிரச்சினைக்கும் இதில் உதவி உண்டு. ஒவ்வொரு கலமும் தன் வகையை எண்ணாக அனுப்பும். மீன்பிடிக் கலம் 30, பாய்க்கலம் 36, பைலட் படகு 50, டக் 52, பயணிகள் கப்பல் 60இல் தொடங்கும், சரக்குக் கப்பல் 70இல், எண்ணெய்க் கப்பல் 80இல். வாடைக்காற்று அண்ணை சொன்ன டக்கும் றோலரும் இங்கே 52, 30 என்று தெளிவாகப் பிரிந்துவிடும்.

#10 வாடைக்காற்று

சின்னக் கலங்களையும் விட்டுடாதேங்கோ. தோணி எண்டால் துடுப்புப் போடுற சின்னது எண்டு கொழும்புப் பிள்ளைகள் நினைக்கும். தூத்துக்குடியில இருந்து கொழும்புக்குச் சரக்குக் கொண்டுவந்த தோணியள் நூற்றுக்கணக்கான தொன் ஏத்தினவை. அதின்ர தலைவனுக்குத் தண்டையல் எண்டு பேர். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடிமரம் ஏரா. பெரிய கப்பலுக்கும் இந்தச் சொற்களைத் தாராளமாய்ப் போடலாம்.

வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணியைத் தோணி எண்டால் அங்கத்தையாக்கள் விடமாட்டினம். ரெண்டு பாய்மரம், 89 அடி, 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்டர் வரைக்கும் போனது. அது கப்பல்தான்.

கிழக்கில குருமண்வெளிப் பக்கம் ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரை சேர்க்கிற தட்டையான மிதவைக்குப் பாதை எண்டு பேர். அட்டையில "பாதை" எண்டு மட்டும் போட்டால் கொழும்பில றோட்டு எண்டுதான் விளங்கும், ஒரு படமும் ஒட்டுங்கோ. ரெட்டை உடல் விரைவுப் படகைக் கட்டுமரம் எண்டு எழுதாதேங்கோ, கட்டுமரம் மரக்குற்றியளைச் சேர்த்துக் கட்டினது.

#11 ஜெட்டிப்பக்கம்

காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்திலிருந்து வந்ததைச் சிலர் கப்பல் என்றார்கள், சிலர் படகு என்றார்கள். அதற்கு எது சரி? எம்.வி. என்பதையும் எல்லாக் கப்பலுக்கும் போடலாமா?

#12 தொன்னளவு

சர்வதேச விதிப்படி 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல். 2023 ஒக்டோபர் 14இல் சேவையைத் தொடங்கிய செரியபாணி 150 பேருக்கானது, ஆகவே பயணிகள் கப்பல் என்பது விதிப்படி சரி. பார்வைக்குப் படகு என்று சொன்னால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு ஓடத் தொடங்கி அந்த ஆண்டே நின்றுபோன ஸ்கோஷியா பிரின்ஸ் வாகனத் தளமும் கொண்ட பெரிய பெரி (ferry), அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கும் கப்பல். அதை உல்லாசக் கப்பல் பட்டியலில் சேர்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் கலம். வள்ளம் முதல் லைனர் வரை அதற்குள் அடங்கும். உங்கள் அட்டைத் தலைப்புக்கும் அதுவே நல்லது.

எம்.வி. என்றால் மோட்டரால் ஓடும் கலம், எஸ்.எஸ். நீராவியால் ஓடுவது, எம்.டி. மோட்டரால் ஓடும் எண்ணெய்க் கப்பல். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கொள்கலன் கப்பல் என்பதால் எம்.வி.; நியூ டயமண்ட் எம்.டி. குயின் மேரி 2க்கு ஆர்.எம்.எஸ்., பிரித்தானிய அரச அஞ்சல் கப்பல் என்ற பட்டம். எம்.வி. குயின் மேரி என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். வெறும் குயின் மேரி என்றும் எழுதாதீர்கள். அது 1936இல் ஓடத் தொடங்கிய வேறு கப்பல், இப்போது கலிபோர்னியாவின் லோங் பீச்சில் ஹொட்டேலாக நிற்கிறது.

#13 ஜெட்டிப்பக்கம்

முதல் அட்டையை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"ஆர்.எம்.எஸ். குயின் மேரி 2. வகை: பயணிகள் லைனர். நீளம் 345 மீற்றர், அகலம் 45 மீற்றர், அமிழ்வு 10.3 மீற்றர். மொத்தத் தொன்னளவு 1,49,215. உச்ச வேகம் சுமார் 30 நொட். பதிவுத் துறை: ஹமில்டன், பெர்முடா."

#14 சுக்கான்பிடி

அகலத்தை மட்டும் திருத்துங்கள். 45 என்பது மேடைச் சிறகுகளின் நுனிக்கு நுனி. உடலின் அகலம் 41. இரண்டையும் போட்டால் இன்னும் நல்லது, பக்கத்துக்கு இரண்டு மீற்றர் வெளியே நீட்டுகிறது என்பது படத்தோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். "தொன்னளவு" என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் "எடை அல்ல" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள்.